7. எஞ்சின் எப்படி நின்றது?

கடலில் எஞ்சின் நின்றவுடன் கை தானாக ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் போகும். அதைத் தொடாதீர்கள். முதலில் நங்கூரம். கயிற்றை விடாமல் பத்துத் தடவை இழுத்தால் பிளக் நனையும், தோள் சோரும், அதற்குள் படகு நீரோட்டத்தோடு வெகுதூரம் போயிருக்கும். நங்கூரம் எட்டாத ஆழமென்றால் நீளமான கயிற்றில் பெரிய வாளியையோ, சுருட்டிக் கட்டிய வலையையோ அணியத்திலிருந்து இறக்குங்கள். படகின் முகம் அலைக்கு நேராகத் திரும்பும், நகர்வும் குறையும். பக்கவாட்டில் அலை வாங்கும் படகில் எஞ்சின் மூடியைத் திறக்கவே கூடாது.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கோடு தனுஷ்கோடிக்குச் சில கடல் மைல் தொலைவிலேயே ஓடுகிறது. எஞ்சின் நின்ற படகு காற்று வாகைப் பொறுத்து ஓர் இரவுக்குள் அதைத் தாண்டிவிடும். எனவே ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்துப் படகுகளுக்கு வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் உடனே சொல்லுங்கள். கைபேசிக்கு சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. எஞ்சினைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிக்கை இருந்தாலும் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு சரியாகிவிட்டது என்று இன்னொரு முறை அழைத்துச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: எஞ்சின் எப்படி நின்றது? சுவிட்சை அணைத்தாற்போல் பட்டென்று நின்றதா? இருமி, தடுமாறி, வேகம் குறைந்து நின்றதா? சூடேறி, குரல் மாறி, இறுகி நின்றதா? பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. தடுமாறி நின்றால் எரிபொருள். சூடேறி நின்றால் குளிர்விக்கும் தண்ணீர். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் எங்கே தொடங்குவது என்பதை இந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். பழைய எஞ்சினில் வீணாகும் நேரமும் காசும் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்கியதால் வீணாவதுதான்.

இந்த அத்தியாயம் நம் கரைகளில் ஃபைபர் படகுகளிலும் வள்ளங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களைப் பற்றியது: கயிறு இழுத்துக் கிளப்புவது, கார்பரேட்டர் வைத்தது, பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுவது. டீசல் எஞ்சினின் நோய்கள் வேறு. அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பிளக், ஃபில்டர், காயில் மூன்றையும் ஒரேயடியாக மாற்றி எஞ்சின் கிளம்பிவிட்டால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. நல்ல காயில் குப்பைக்குப் போகும். கெட்ட பிளக் உபரிப் பெட்டியில் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

பட்டென்று நின்றால்

முதலில் நிறுத்தும் சுவிட்ச். இடுப்பிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளும் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. வலை இழுக்கும் அவசரத்தில் அது கழல்வது சாதாரணம். இரண்டாவதாக, பிளக் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, வயர் எங்காவது வெட்டுப்பட்டுப் பச்சை பூத்திருக்கிறதா, எஞ்சின் மூடிக்குள் அலை அடித்து நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தீப்பொறிச் சோதனை. அதற்கு முன் சிந்திக் கிடக்கும் பெட்ரோலைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி நிற்கும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, மூடியை மாட்டியபடியே பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் நன்றாகப் படும்படி வைத்து, ஒருவர் கயிற்றை இழுக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். பிளக் கழற்றிய துளையின் வாயருகே பொறி வரக்கூடாது. அங்கிருந்து எரிபொருள் ஆவி பீய்ச்சும். வயரைக் கையால் பிடிக்கவும் வேண்டாம். இரண்டு பிளக்கும் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. மூடிகளை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் மின்சாரத்துக்குப் போக வழியின்றி காயிலோ சி.டி.ஐ. பெட்டியோ கெட்டுப்போகலாம்.

நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு வந்தால் நல்ல பொறி. மஞ்சளாக நூல்போல் வந்தால் பலவீனம்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கம் மட்டும் பொறி இல்லையென்றால் அந்தப் பக்கத்து பிளக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் மூடி, வயர், காயில் என்று பின்னோக்கிப் போகலாம். தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் அதையும் இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை இது. உபரிப் பொருள் வாங்க நகரத்துக்குப் பஸ் ஏறும் முன் செய்ய வேண்டியது.

இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பொறி போய்விட்டதென்றால் இரண்டு பிளக்கும் ஒன்றாகச் செத்தது என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது: நிறுத்தும் சுவிட்ச், எர்த் வயர், பிளைவீலின் அடியில் இருக்கும் சார்ஜ் காயில், சி.டி.ஐ. இவற்றில் அதிகம் தொல்லை தருவது நிறுத்தும் சுவிட்ச். அது பொறி மின்சாரத்தை எஞ்சின் உடலுக்கு இறக்கிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்துகிறது. உப்புநீர் உள்ளே புகுந்தால் யாரும் அழுத்தாமலே அந்த வேலையைச் செய்துவிடும். சுவிட்சிலிருந்து வரும் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி திரும்பினால் சுவிட்ச்தான். அப்படியே கரைக்கு ஓட்டி வரலாம். ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் சோக்கை முழுதும் இழுத்துத்தான் நிறுத்த முடியும், இடுப்புக் கயிறும் பயன்படாது. படகில் இருக்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். யாரும் விளிம்பில் நிற்க வேண்டாம்.

எர்த் வயரை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் உடலில் அது திருகப்பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய எஞ்சினில் வந்து வந்து போகும் மின்சாரக் கோளாறுகளில் பாதி இதில் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

தடுமாறி நின்றால்

கடலில் நிற்கும் பழைய எஞ்சின்களில் பெரும்பான்மை இந்த வகைதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எரிபொருள் போகும் பாதையை வரிசையாகப் பின்தொடருங்கள். நடுவில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் எரிபொருள் இறங்க இறங்க டேங்கின் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பாதி வழியில் எஞ்சின் திணறும். குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பு சப்பையாக உள்ளே ஒட்டிப்போயிருந்தால் இதுதான் காரணம், அல்லது டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வாய் அடைத்திருக்கிறது. பல்பு எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படாமல் மெத்தென்று இருந்தால் காற்று எங்கோ உள்ளே புகுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அவசரத்தில் தலைகீழாக மாட்டியவர்கள் பலர்.

காற்று புகும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது சிரமம். அந்தக் குழாய் உறிஞ்சும் குழாய். அதனால் ஓட்டை இருந்தாலும் பெட்ரோல் வெளியே சொட்டாது. எஞ்சினை நிறுத்திவிட்டு பல்பை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். எங்கே ஈரம் மறுபடி கசிகிறதோ அங்கே காற்று புகுகிறது. எஞ்சினில் குழாயைச் செருகும் இணைப்பின் ரப்பர் வளையம்தான் முதலில் தேயும். அது மலிவான பொருள், ஒன்றிரண்டு கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போது தடுமாறத் தொடங்கினால் அப்போதே பல்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். எஞ்சின் தெளிந்து ஓடினால் கோளாறு கார்பரேட்டரில் இல்லை. எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது பல்புக்கு முன்னால் அடைப்பு. இப்படி அமுக்கியபடியே பல மைல் கடந்து கரை சேர முடியும். அமுக்கியும் மாற்றமில்லை என்றால்தான் கார்பரேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி வருவதை உள்ளே இருப்பது தெரியும் பாட்டிலில் பிடியுங்கள். சில நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், குப்பையும் தெரியும். தண்ணீர் தெரிந்தால் டேங்கின் அடியிலிருந்தும் இதேபோல் எடுத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் நிற்கும் டேங்கை வைத்துக்கொண்டு கார்பரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை.

பெட்ரோலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2023 தொடக்கத்தில் அறிமுகமாகி இப்போது எங்கும் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் அரைகுறையாக நிரம்பிய டேங்க் பல வாரம் கிடந்தால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இரட்டை ஆபத்து. நாம் கலந்த ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து எஞ்சின் உறிஞ்சும் திரவத்தில் ஆயிலே இருக்காது. மேலும், பழைய எஞ்சினின் ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெளியே நன்றாகத் தெரியும் குழாயின் உள்தோல் உரிந்து, எஞ்சின் வேகமெடுக்கும்போது மட்டும் வழியை மூடிக்கொள்ளும். காரணமே தெரியாமல் வேகத்தில் மட்டும் திணறும் எஞ்சினுக்கு முதலில் குழாயை மாற்றிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் படகைக் கரையேற்றினால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். குழாயைக் கழற்றி, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து ஜெட்டுகளை அடைக்கும்.

எந்த ஜெட் அடைத்திருக்கிறது என்பதை எஞ்சினே காட்டிக்கொடுக்கும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து ரேஸ் கொடுத்தால் விழுந்துவிடுகிறது என்றால் மெயின் ஜெட். வேகத்தில் நன்றாக ஓடி, வலை போட வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட். கழற்றிச் சுத்தம் செய்யும்போது இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் எரிபொருள் அளவு மாறிவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, மிஞ்சிய அடைப்புக்கு மெல்லிய தங்கூசி நரம்பை விட்டு எடுங்கள். இந்த வேலை கரையில்தான். ஆடும் படகில் ஜெட்டைக் கழற்றினால் அது அடித்தண்ணீரில் விழும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கார்பரேட்டர் நிறைய மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடிகாலையில் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. கிண்ணத்தை வடித்து, பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் ஏற்றினால் கிளம்பிவிடும். எஞ்சினில் வேறு கோளாறு இல்லை.

பெட்ரோலுக்கென்றே செய்த எஞ்சினில் விலை கருதி மண்ணெண்ணெய் கலப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு நாள் தொழிலில் எரிபொருளுக்கு எவ்வளவு போகிறது என்பது எனக்குத் தெரியும், அதனால் இதை லேசாகச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பெட்ரோல் எஞ்சினில் அது எரியும்போது நாக்கிங் அடிக்கும், கரி படியும், பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மிச்சம் பிடித்த காசை அந்த ஒரு ரிப்பேர் விழுங்கிவிடும்.

ஆயில் கலவையை உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் அளவில் கலக்குங்கள். 50க்கு 1 என்றால் 20 லிட்டருக்கு 400 மில்லி. 25க்கு 1 என்றால் 800 மில்லி. கண்ணளவு வேண்டாம். டி.சி. டபிள்யூ-3 என்று குறியிட்ட அவுட்போர்டு ஆயிலை வாங்குங்கள். பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது.

சூடேறி நின்றால்

எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும் துளை ஒன்று உண்டு. படகோட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியது அந்தத் தாரையை. அது மெலிந்தால், துப்பித் துப்பி வந்தால், ஆவி கலந்து வந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். இறுகி நின்றுவிட்ட எஞ்சினைக் கயிறு இழுத்துச் சுற்ற முயலாதீர்கள். கடல்நீரை மொண்டு சூடான எஞ்சின் மேல் ஊற்றவும் கூடாது, உலோகம் விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

ஆறும் நேரத்தில் எஞ்சினைத் தூக்கி அடிப்பாகத்தில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைத் துளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, பாசி, சொறி மீன் துண்டு, ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். நம் கடலில் பிளாஸ்டிக் பைதான் அதிகம். அது சுத்தமென்றால் தாரை வரும் துளையையே தங்கூசியால் குத்திப் பாருங்கள். பல சமயம் மணலோ உப்போ அங்கே அடைத்திருக்கும். எஞ்சின் உள்ளே சரியாகவே குளிர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டும் சுத்தம், ஆனாலும் தாரை இல்லை என்றால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் என்கிற ரப்பர்ச் சக்கரம். கரையில் கியர் பெட்டியை இறக்கித்தான் அதை மாற்ற முடியும். மணற்கரையில் படகை ஏற்றி இறக்குபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மணல் அந்த ரப்பரையும், அதைச் சுற்றியிருக்கும் உலோகக் கிண்ணத்தையும் ஒருசேர அரிக்கும். கிண்ணத்தில் நகத்தால் உணரக்கூடிய பள்ளங்கள் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றாமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. பழைய இம்பெல்லரின் இறகு ஏதாவது ஒடிந்து காணாமல் போயிருந்தால் தேடி எடுத்தே ஆகவேண்டும். அது மேலே தண்ணீர்ப் பாதையில் எங்கோ குறுக்கே நிற்கிறது. புது இம்பெல்லரோடு அதே எஞ்சின் மறுபடி சூடேறும்.

தாரை நன்றாக வந்தும் எஞ்சின் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். கொதிநீரிலும் மூடியே இருந்தால் மாற்றுங்கள்.

தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ‘சும்மா ஒரு நொடி’ ஓட்டிப் பார்க்கிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இம்பெல்லரின் ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு. உலர்ந்து சுற்றினால் சில நொடிகளிலேயே கருகும். தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்மில் எஞ்சினின் அடிப்பாகத்தை இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் கடற்கரை ஊர்களில் இது பெரிய செலவு என்பது உண்மை. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒரே டிரம்மை வைத்துக்கொள்ளலாம், தண்ணீரைச் சில நாட்கள் திரும்பப் பயன்படுத்தலாம். சற்று உப்பான கிணற்றுத் தண்ணீரும் கடல்நீரைவிட எவ்வளவோ மேல்.

எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை

புரொப்பல்லரைத் தொடும் முன் பிளக் மூடிகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஒரு சுற்றுக் கிளம்பினால் விரல் போய்விடும்.

சிறிய எஞ்சின்களில் ஷியர் பின் ஒடிந்திருக்கும். கல்லில் பட்டால் கியரைக் காப்பாற்றத் தானே ஒடியட்டும் என்று வைத்த மெல்லிய பின் அது. அதற்குப் பதிலாக ஆணியைச் செருகாதீர்கள். அடுத்த முறை கியர் ஒடியும். பின் இல்லாத எஞ்சின்களில் புரொப்பல்லரின் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். அது நழுவத் தொடங்கினால் எஞ்சின் உறுமும், படகு அப்படியே நிற்கும். சந்தேகமிருந்தால் ஷாஃப்டோடு சுற்றும் உள்குழாயிலிருந்து வெளியே புரொப்பல்லர் வரை நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் நழுவியிருக்கிறது. ரேஸ் கொடுக்காமல் மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் கரைவரை தாங்கும்.

புரொப்பல்லரைக் கழற்றும்போதெல்லாம் பின்னால் தங்கூசியோ வலை நூலோ சுற்றியிருக்கிறதா பாருங்கள். அது உள்ளே வெட்டிக்கொண்டே போய் ஆயில் சீலை அறுக்கும், கியர் பெட்டிக்குள் கடல்நீர் புகும். கியர் ஆயிலின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி ஒரு துளி எடுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். உலோகத் துகள் மின்னினால் பல் தேய்கிறது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கும்.

காலையில் கிளம்ப மறுத்தால்

பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் படியுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை மூடாமல், ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து சில முறை இழுங்கள், கிளம்பியவுடன் குறைத்துவிடுங்கள். ஈரமே இல்லாமல் உலர்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்கு வரவில்லை. முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கரிக்கறுப்பாக இருந்தால் எரிபொருளோ ஆயிலோ அதிகம். சுண்ணாம்பாக வெளுத்து, ஓரம் கொப்பளித்திருந்தால் எரிபொருள் குறைந்து சிலிண்டர் வேகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் சுத்தமாகவோ துருவோடோ இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாக அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது.

பொறியும் எரிபொருளும் சரி, ஆனாலும் எஞ்சினில் உயிரில்லை என்றால் கம்ப்ரெஷன் கேஜால் அளந்து பாருங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றை எர்த்தில் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை இழுக்க வேண்டும். பல பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் 90 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் இரண்டு சிலிண்டர்களுக்கும் உள்ள வித்தியாசம். அது 15 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்த பக்கத்தில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது கரியில் ஒட்டியிருக்கிறது. பழைய எஞ்சினை வாங்கப்போகிறவர்கள் விலை பேசும் முன் கேட்க வேண்டிய சோதனையும் இதுவே. மேலே அடித்த புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடலில் விழுந்த எஞ்சின்

பின்பலகையில் எஞ்சினை இறுக்கும் திருகுகள் தளர்ந்து கடலில் விழுவது இன்னும் நடக்கிறது. எஞ்சினுக்கும் படகுக்கும் நடுவே ஒரு சங்கிலியோ கெட்டிக் கயிறோ எப்போதும் இருக்கட்டும்.

தூக்கிய எஞ்சினை அழிப்பது அது மூழ்கிக் கிடந்த நேரத்தைவிட வெளியே வந்தபின் காற்றில் காய்ந்த நேரம்தான். உப்புநீரோடு காற்றும் சேர்ந்தால் பேரிங்குகள் சில மணி நேரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே வேலை பார்க்க முடியாது என்றால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுதாக மூழ்கடித்து வையுங்கள். வினோதமாகத் தோன்றும், ஆனால் அதுவே காக்கும்.

வேலை தொடங்கும்போது மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, வயர்களை எர்த்தில் மாட்டி, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தடையில்லாமல் சுற்றினால் பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, தண்ணீர் வருவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். கார்பரேட்டர், குழாய், பம்பு எல்லாவற்றையும் வடித்துவிட்டு, சிலிண்டர்களிலும் கார்பரேட்டர் வாயிலும் தாராளமாக அவுட்போர்டு ஆயில் விட்டுச் சுற்றுங்கள். மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உலர்த்துங்கள். புது பிளக் மாட்டி, அடிப்பாகத்தை டிரம் தண்ணீரில் இறக்கி, வழக்கத்தைவிட இருமடங்கு ஆயில் கலந்த பெட்ரோலில் கிளப்புங்கள். கிளம்பியதும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டாம். உள்ளே மிஞ்சிய ஈரம் காய ஒரு மணி நேரமாவது நடுத்தர வேகத்துக்கும் கீழே ஓடட்டும், டிரம்மில் தண்ணீர் சூடேறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். மறுநாள் கியர் ஆயிலை வடித்து வெளுத்திருக்கிறதா பாருங்கள்; பிளக்குகளை மறுபடி கழற்றி, துருவோ தண்ணீர்த் துளியோ தென்படாவிட்டால் பழைய கலவை அளவுக்குத் திரும்பலாம்.